ஷீல்டு யாருக்கு?

எங்கள் வானகரத்தில் ஓர் ஓட்டக் குழு இருக்கிறது. நாற்பது பேர் சொச்சம். விடியற்காலை ஐந்து மணிக்கு சர்வீஸ் ரோட்டில் கூடுவோம். மீன் மார்க்கெட்டுக்கு வந்து போகும் லாரிகளுக்கு ஒதுங்கி, அம்பத்தூர் போகும் சாலையைப் பிடித்து, அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் போய்த் திரும்புவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் நீட்டி திருவேற்காடு வரை. பதிவு செய்த சங்கம் எல்லாம் இல்லை. சந்தா கிடையாது, தலைவர் கிடையாது. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை பரிசளிப்பு மட்டும் உண்டு. ஜனவரியில் சென்னை மராத்தான் முடிந்து, கால் வலியெல்லாம் ஆறிய பிறகு ஒரு ஞாயிறன்று பொங்கல், வடை, நாலைந்து ஷீல்டு.

இந்த வருஷம் அந்தப் பரிசுப் பட்டியலைத் திருத்தி எழுதும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டார்கள். காரணம் இரண்டு. ஒன்று, குழுவிலேயே வயதில் மூத்தவன், வேகத்தில் கடைசி. எந்தப் பரிசை எப்படி மாற்றி எழுதினாலும் எனக்கு எதுவும் வராது என்பதில் எல்லோருக்கும் அசையாத நம்பிக்கை. இன்னொன்று, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவன். மைக்ரோமீட்டரும் கேஜும் பிடித்த கை. "அளக்கிறது சாருக்குக் கை வந்த கலை" என்று ஒரு தம்பி சொல்ல, மற்றவர்கள் கைதட்ட, தலையாட்டிவிட்டு வந்தேன்.

பழைய பட்டியல் எளிமையானது. பத்து கிலோமீட்டரில் வேகம், ஹாஃபில் வேகம், ஃபுல்லில் வேகம். பிறகு ஸ்ட்ராவாவில் பார்த்து மாதாமாதம் அதிக கிலோமீட்டர் ஓடியவருக்கு ஒரு பரிசு, வருஷக் கடைசியில் மொத்தக் கணக்குக்கு பெரிய ஷீல்டு. மூன்று வருஷமாக அதே மூன்று பேர்தான் மேடை ஏறினார்கள். (மேடை என்றால் ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் போட்ட இரண்டு பெஞ்சு.) மூவரும் முப்பதை ஒட்டிய வயது, நல்ல பிள்ளைகள், உழைத்து ஓடுகிறவர்கள். அவர்கள் வாங்கியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மீதி முப்பத்தேழு பேர் வருஷா வருஷம் கைதட்டிவிட்டு வடை சாப்பிட்டார்கள் என்பதுகூட பெரிய விஷயமில்லை. வேறு இரண்டு விஷயங்கள்தான் உறுத்தின.

முதலாவது, போன அக்டோபர். மாதக் கிலோமீட்டர் பரிசுக்கு இரண்டு பேருக்குள் போட்டி. இருபதாம் தேதிக்கு மேல் ஒரு தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. வெளியே சொல்லவில்லை. மாதம் முடிய பத்து நாள்தானே என்று ஐஸ் வைத்து வைத்து ஓடினான். ராத்திரி பதினோரு மணிக்கு அபார்ட்மெண்டைச் சுற்றிச் சுற்றி ஓடியதை வாட்ச்மேன் பிறகு சொன்னார். அந்த மாதப் பரிசும் வாங்கினான். மறுவாரம் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் எலும்பில் மயிரிழை விரிசல். மூன்று மாதம் ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பரிசு என்ன தெரியுமா? இருநூற்றைம்பது ரூபாய் தண்ணீர் பாட்டில்.

இதைக் கேட்டதும் எனக்குத் தொழிற்சாலை ஞாபகம்தான் வந்தது. அங்கே ஷெட் வாசலில் ஒரு போர்டு இருக்கும். 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் எண். எந்தப் பிரிவு அதிக நாள் தாக்குப்பிடிக்கிறதோ அந்தப் பிரிவில் எல்லோருக்கும் ஒரு எவர்சில்வர் டப்பா. நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த திட்டம்தான். போர்டில் எண் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் பிரஸ் ஷாப்பில் ஒருவர் விரலைக் கிழித்துக்கொண்டு, காட்டன் வேஸ்டைச் சுற்றி, கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு ஷிப்ட் முடியும்வரை நின்றார். முதலுதவி அறைக்குப் போனால் ரிஜிஸ்டரில் ஏறும். ஏறினால் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அவரால் அறுபது பேருக்கு டப்பா போய்விடும். யாரும் அவரை மிரட்டவில்லை. மிரட்ட வேண்டிய அவசியமே இல்லாதபடி பரிசே பார்த்துக்கொண்டது. அந்த எண் காட்டியது விபத்தில்லாத நாட்களை அல்ல, ரிஜிஸ்டரில் எழுதாத நாட்களை. எங்கள் மாதக் கிலோமீட்டர் பரிசும் அதே ஜாதிதான். அதைத் தூக்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவுசெய்தேன். அதிகமாக அதிகமாக நல்லது என்று ஒரு வரம்பில்லாத எண்ணை வைத்துப் பரிசு கொடுத்தால், யாரோ ஒருவர் உடம்பை விற்று அதை வாங்குவார்.

இரண்டாவது விஷயம் ஓர் அம்மாவைப் பற்றியது. ஐம்பத்திரண்டு வயது. மாமியார் படுத்த படுக்கை. ஆறேகாலுக்குள் வீட்டில் இருந்தாக வேண்டும் என்பதால் எங்களோடு ஏரிவரை வரமாட்டார். நாங்கள் கூடுவதற்கு முன்பே நாலே முக்காலுக்கு வந்து, தெருவிளக்கு இருக்கும் சர்வீஸ் ரோட்டிலேயே முன்னும் பின்னுமாக ஓடுவார். சுடிதார், மகன் போட்டுக் கழித்த ஷூ. வாட்ச் இல்லை. போனை வீட்டில் வைத்துவிட்டு வருவார், மாமியாருக்கு ஏதாவது என்றால் மகன் எழுந்து பேச. நான் பார்க்க மூன்று வருஷமாக மழை நாள் தவிர வராத நாள் குறைவு. ஆனால் எங்கள் கணக்கில் அவர் ஒரு அடிகூட ஓடியதில்லை. ஸ்ட்ராவாவில் பெயரே இல்லையே! "ஒரு பழைய போனாவது இடுப்பில் கட்டிக்கிட்டு ஓடுங்கம்மா, கணக்கு ஏறும்" என்று ஒரு தடவை சொன்னேன். "நான் ஓடினது எனக்குத் தெரியும் சார், போனுக்குத்தான் தெரியாது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த வருஷப் பரிசளிப்புக்கு அவர் வரவில்லை.

இந்த இடத்தில் பௌஜா சிங்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2011 அக்டோபரில் டொராண்டோவில் முழு மராத்தானை எட்டு மணி சொச்சத்தில் ஓடி முடித்த சீக்கியப் பெரியவர். பாஸ்போர்ட்படி வயது நூறு. இங்கிலாந்து ராணியிடமிருந்து நூறாவது பிறந்தநாள் வாழ்த்துக் கடிதம்கூட வந்திருந்தது. ஆனாலும் கின்னஸ்காரர்கள் ஏற்கவில்லை. பிறந்த காலத்துப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். 1911-ல் பஞ்சாப் கிராமத்தில் பிறந்த பிள்ளைக்கு எவன் சான்றிதழ் எழுதினான்? கின்னஸ்காரர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. தரக்கட்டுப்பாட்டில் இருந்தவனுக்குத் தெரியும், காகிதம் இல்லாமல் பாஸ் போட முடியாது. ஆனால் காகிதம் இல்லை என்பதும் அவர் ஓடவில்லை என்பதும் ஒன்றல்ல. சாதனைப் புத்தகம் போடுகிற நிறுவனத்துக்கு வேறு வழியில்லை. தினமும் அவர் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்கிற நாற்பது பேர் குழுவுக்கு என்ன கேடு?

சரி, மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன நேட்டால் பூமி. காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஸ்டேஷன் இருக்கும் ஊர் அந்தப் பீட்டர்மாரிட்ஸ்பர்க். விக் கிளாபம் என்ற ரயில் என்ஜின் டிரைவர், முதல் உலகப் போரில் இறந்த தோழர்களின் நினைவாக 1921-ல் ஆரம்பித்தது. முதல் வருஷம் 34 பேர் புறப்பட்டு 16 பேர் முடித்தார்கள். இப்போது ஆயிரக்கணக்கில் ஓடுகிறார்கள். இந்தியாவிலிருந்தும் ஏராளமானவர்கள் போகிறார்கள்.

அங்கே பதக்கம் ஒன்றல்ல. முதல் பத்துப் பேருக்குத் தங்கம். அதன் பிறகு நேரத்துக்கு நேரம் வேறு வேறு பதக்கம். ஏழரை மணிக்குள் வந்தால் வெள்ளி. ஒன்பது மணி நேரத்துக்குள் வந்தால் பில் ரோவன் பதக்கம். முதல் ஓட்டத்தில் ஜெயித்தவர் பெயர் அது, அவர் அன்று எடுத்துக்கொண்டது 8 மணி 59 நிமிடம். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கடைசியாகத் தள்ளாடி வருகிறவருக்கு, ஓட்டத்தை ஆரம்பித்த அந்த விக் கிளாபம் பெயரில் பதக்கம். நிறுவியவர் பெயரைக் கடைசிப் படிக்கு வைத்தார்கள் பாருங்கள், அதில் ஒரு பெருந்தன்மை தெரிகிறது. அதற்காக அங்கே எல்லோருக்கும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. பன்னிரண்டாவது மணி முடியும்போது ஒருவர் எல்லைக்கோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு துப்பாக்கியைச் சுடுவார். ஓடி வருகிறவன் முகத்தைப் பார்த்தால் ஒரு நொடி தாமதிக்கத் தோன்றிவிடும் அல்லவா, அதனால்தான். ஒரு நொடி பிந்தினாலும் பதக்கம் இல்லை.

ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் வருகிறவர்களுக்கு ராபர்ட் ம்ஷாலி பதக்கம் என்று ஒன்று உண்டு. அவர் கதைதான் என்னை உட்கார வைத்துவிட்டது. கறுப்பினத்தவர். 1935-ல் அந்த ஓட்டத்தை ஒன்பதரை மணி நேரத்தில் ஓடி முடித்தார். அன்றைக்குக் கறுப்பர்கள் கலந்துகொள்ள அனுமதி இல்லை, அதனால் முடிவுப் பட்டியலில் பெயர் இல்லை. அதற்கு முன்பே 1923-ல் ஃபிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண்மணி, விண்ணப்பத்தை மறுத்தபோதும் ஓடி முடித்தார். பதக்கம் தரவில்லை. வேடிக்கை பார்த்த ஜனங்கள் தங்களுக்குள் காசு சேர்த்து அவருக்கு வெள்ளியில் ஒரு டீ செட் வாங்கிக் கொடுத்தார்களாம். பெண்களையும் கறுப்பர்களையும் முறைப்படி சேர்த்துக்கொண்டது 1975-ல்தான். ம்ஷாலி பெயரில் பதக்கம் வந்தது 2019-ல். எண்பத்து நாலு வருஷம்! இங்கே நம்முடைய சர்வீஸ் ரோட்டில் யாரும் யாரையும் தடுக்கவில்லை, அந்தக் கொடுமையோடு ஒப்பிட்டால் அபசாரம். ஆனாலும் பட்டியலில் பெயர் இல்லாமல் ஓடுவது எப்படி இருக்கும் என்று யோசித்தபோது அந்த சுடிதார் அம்மாவின் முகம்தான் வந்தது.

அடுத்து வயது. ஓட்டக்காரர்களிடம் வயதுவாரி அட்டவணை ஒன்று இருக்கிறது. உலக முதியோர் தடகள அமைப்பின் ஆதரவில் உருவானது. ஒவ்வொரு வயதிலும், ஆண் பெண் தனித்தனியாக, ஒவ்வொரு தூரத்துக்கும் உலகத் தரமான நேரம் எவ்வளவு என்று போட்டிருக்கும். அந்த நேரத்தை உங்கள் நேரத்தால் வகுத்தால் ஒரு சதவீதம் வரும். அறுபது வந்தால் உள்ளூர் அளவில் நல்ல ஓட்டம், எண்பது வந்தால் தேசிய அளவு. எட் விட்லாக் என்ற கனடாக்காரர் 2004-ல், 73 வயதில், முழு மராத்தானை 2 மணி 54 நிமிடத்தில் ஓடினார். இருபத்தைந்து வயதுப் பையன்களில் முக்கால்வாசிப் பேருக்கு எட்டாத நேரம். வெறும் கடிகாரத்தைப் பார்த்தால் அவர் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பின்னால். அட்டவணையில் பார்த்தால் உலகத்தின் உச்சியில்.

எங்கள் ஆட்கள் நேரத்தையெல்லாம் இந்த அட்டவணையில் போட்டுப் பார்த்தேன். முப்பத்தொரு வயதுத் தம்பி பத்து கிலோமீட்டரை 42 நிமிடத்தில் ஓடுகிறான், குழுவில் முதல். அவனுக்கு 63 சொச்சம். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பஸ் டிரைவர் இருக்கிறார். மத்தியான ஷிப்ட் வாங்கிக்கொண்டு காலையில் ஓட வருவார், 48 நிமிடம். அவருக்கு 66-ஐத் தொட்டது. இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று வருஷமாக எங்கள் நடுவில் சிறந்த ஓட்டக்காரராக ஓடிக்கொண்டிருந்தவர் அவர்தான், அவருக்கே தெரியாது. போன் செய்து சொன்னபோது, "அப்படியா சார், வீட்டுல சொல்லலாமா?" என்று கேட்டார்.

அட்டவணை தெய்வ வாக்கு என்று சொல்லமாட்டேன். வயது தெரியும் அதற்கு. நாற்பத்தெட்டு வயதுவரை ஓடவே வாய்ப்பில்லாத பெண்ணை அதற்குத் தெரியாது. மே மாதத்துச் சென்னைப் புழுக்கம் தெரியாது. ராத்திரி இரண்டு தடவை எழுந்து மாமியாரைத் திருப்பிப் படுக்க வைத்தது தெரியாது. ஒரு கேஜ் எந்த அளவுக்குச் செய்ததோ அதை மட்டும்தான் அளக்கும். விட்டத்தை அளக்கிற கேஜால் உலோகத்தின் கடினத்தை அளக்க முடியாது. அதனால் ஒரே அளவுகோல் போதாது, மூன்று நாலு வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெளிவாயிற்று.

குழுவில் பேச்சு எடுத்தபோது அமளிதான். வேகக்காரத் தம்பி கேட்டான்: "அங்கிள், அப்போ வேகமா ஓடுறது தப்பா?" நியாயமான கேள்வி. நாலு மணிக்கு எழுந்து, கல்யாண விருந்தில் ஜாங்கிரியைத் தள்ளிவைத்து, பத்து நொடி குறைக்க ஆறு மாதம் உழைக்கிறவனிடம் போய் 'எல்லோரும் சமம்' என்று ஷீல்டைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்? அது இருக்கட்டும் என்றேன். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. இதுவரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்பதை அப்போதுதான் பலர் கவனித்தார்கள்.

இன்னொருவர் நேர் எதிர். பரிசே வேண்டாம் என்றார். ஆரோவில் மராத்தானை உதாரணம் காட்டினார். அவர் இரண்டு தடவை போய் வந்தவர். பிப்ரவரியில் காட்டுக்குள் செம்மண் பாதையில் ஓடுவார்கள். முதல், இரண்டாவது என்று அறிவிப்பு கிடையாது, பரிசு கிடையாது, நேரமும் அவர்கள் குறிப்பதில்லை. ஓடுகிற சந்தோஷத்துக்காக ஓடு, அவ்வளவுதான். கேட்க அழகாக இருக்கிறது, அங்கே அது நடக்கவும் நடக்கிறது. வருஷத்தில் ஒரு நாள் கூடிக் கலைகிற கூட்டம் அது. யார் யாரென்று யாருக்கும் தெரியாது. தினமும் சந்திக்கிற குழுவில் பரிசை ஒழித்தால் பாராட்டு ஒழிந்துவிடுமா? அது வாட்ஸப்புக்குப் போகும். வியர்வையோடு செல்ஃபி போடுகிறவருக்கு முப்பது கட்டைவிரல், போடத் தெரியாதவருக்கு ஒன்றுமில்லை. அதற்கு எழுதிவைத்த விதி தேவலை. தப்பாக இருந்தால் சண்டை போட்டு மாற்றலாம். கட்டைவிரலோடு யார் சண்டை போடுவது?

இங்கிலாந்தில் 2004-ல் லண்டன் பக்கம் ஒரு பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய 'பார்க்ரன்' சனிக்கிழமை ஓட்டத்திலிருந்து ஒரு யோசனையை எடுத்துக்கொண்டேன். ஐம்பது தடவை ஓடினால் ஒரு பனியன், நூறு தடவை ஓடினால் இன்னொன்று. வேகம் பற்றிக் கேள்வி இல்லை. நீ வாங்கினால் எனக்குக் குறையாது, நான் வாங்கினால் உனக்குக் குறையாது. தண்ணீர் கொடுத்தவர், பேர் எழுதியவர் என்று உதவிக்கு வந்தவர்களுக்கும் தனிக் கணக்கு, தனிப் பனியன். எங்களுக்கும் அப்படி ஆட்கள் உண்டு. டூ வீலரில் வாட்டர் கேனும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு வருகிறவர் ஒருவர். ஏரிக்கரை நாய்களுக்காகத் தடியோடு முன்னால் போய் நிற்கிறவர் ஒருவர். இவர்கள் இல்லாவிட்டால் 42 நிமிடமாவது, 48 நிமிடமாவது.

'அதிக முன்னேற்றம்' என்று ஒரு பரிசு வைக்கச் சொன்னார்கள். புதிதாக வந்தவர்தான் எப்போதும் முன்னேறுவார், பழையவர் வேண்டுமென்றே முதல் ஓட்டத்தை மெதுவாக ஓடிவைப்பார் என்றேன். எல்லோரும் ஒரு குறிப்பிட்ட நபரைப் பார்த்துச் சிரிக்க, அந்த யோசனை அங்கேயே அடங்கியது.

கடைசியில் வேகத்துக்கு இரண்டு ஷீல்டு, வயதுவாரி அட்டவணைப்படி ஒன்று. மாதக் கிலோமீட்டர், வருஷக் கிலோமீட்டர் இரண்டும் ரத்து. அதற்குப் பதில் வருஷத்தில் நூறு காலை வந்தவர் எல்லோருக்கும் ஒரு பனியன். நூற்றுக்கு மேல் இருநூறு வந்தாலும் அதே பனியன்தான், ஆகவே காலை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வருகைக் கணக்குக்குப் போன் வேண்டாம். டீக்கடையில் ஒரு நீள நோட்டும் நூலில் கட்டிய பேனாவும் வைத்தோம். நாலே முக்காலுக்கே டீக்கடைக்காரர் பாய்லர் பற்றவைத்துவிடுவார். வருகிறவர் தேதிக்கு நேரே கையெழுத்துப் போட்டால் போதும். பொய் எழுதமாட்டார்களா என்று கேட்டார் ஒருவர். ஒரு பனியனுக்காக நூறு நாள் காலை நாலே முக்காலுக்கு எழுந்து வந்து பொய் எழுதிவிட்டுப் போகிறவருக்கு நானே இரண்டு பனியன் தருகிறேன் என்றேன்.

நோட்டு பிப்ரவரி முதல் ஓடுகிறது. அந்த அம்மாவின் கையெழுத்துதான் பெரும்பாலும் நாளின் முதல் கையெழுத்து. நேற்று எண்ணினேன், எழுபத்தொன்று. தினமும் பெயருக்கு முன்னால் 'திருமதி' போட்டு முழுசாக எழுதுகிறார்.

புது வில்லங்கம் ஒன்றும் வந்திருக்கிறது. எலும்பு விரிசல் தம்பிக்கு டாக்டர் இன்னும் முழுசாக ஓட அனுமதி தரவில்லை. ஆனால் ஏப்ரலிலிருந்து தினமும் வருகிறான். ஏரிக்கரையில் நாய்த் தடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், நோட்டில் கையெழுத்தும் போடுகிறான். 'நூறு காலை ஓடியவருக்கு' என்றுதானே விதி, நின்றவருக்கு உண்டா என்று கேட்கிறார்கள். நான் எழுதிய வரியில் 'வந்தவர்' என்றுதான் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். அப்படியானால் டீ குடிக்க மட்டும் வருகிறவருக்கும் உண்டா என்று எதிர்க்கேள்வி. வருகிற ஞாயிறு திருவேற்காட்டில் ஓட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம். வேகக்காரத் தம்பி மட்டும் இப்போதே தன் ஓட்டைப் போட்டுவிட்டான்: "தடி பிடிக்கிறது கஷ்டம் அங்கிள், குடுத்துடுங்க."